டொம் ஹாங்ஸ் படித்த கல்லூரி

வணக்கம்.

அண்ணாவின் குடும்பம் போன வருடம் அமெரிக்காவில் குடியேறியது. பெறாமகள் இங்கே உயர்தரம் கணிதப் பிரிவில் எடுத்தவள். இப்போது கலிபோர்னியாவில் ஹேவர்ட் என்ற ஊரிலுள்ள ஷபோ கல்லூரியில் கணினி படிக்கச் சேரப்போகிறாள். “கம்யூனிட்டி கொலிஜ்தானே, கம்பஸ் கிடைக்காத ஆக்கள் போற இடம்” என்று சொந்தத்துக்குள் கதை அடிபடுகிறது. அண்ணாவோ “டொம் ஹாங்ஸ் படிச்ச இடம்” என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். எது சரி? இந்தக் கல்லூரிகள் எப்படி வந்தன? பிள்ளை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

க., உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள க. அவர்களுக்கு,

இரண்டு பேச்சும் சரிதான். கம்பஸ் கிடைக்காதவர்களுக்கென்றே கட்டப்பட்ட இடம் அது. டொம் ஹாங்ஸ் அங்கே படித்ததும் உண்மை. ஆனால் பிள்ளைக்கு இரண்டாலும் பிரயோசனம் இல்லை. அந்த நடிகர் அங்கே எப்படிப் படித்தார், அந்தச் சலுகையில் இன்றைக்கு எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் ஏதாவது கிடைக்கும்.

1974இல் பள்ளிக்கூடம் முடித்த ஹாங்ஸின் நுழைவுப் பரீட்சைப் புள்ளி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதை எம்.ஐ.டி., விலனோவா என்ற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் ஷபோவுக்கும் அனுப்பினார். ஷபோ யார் வந்தாலும் எடுக்கும், கட்டணமும் இல்லை. பழைய பாடப்புத்தகங்கள் வாங்கும் காசுதான் செலவு. 2015 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். விலங்கியல் வகுப்பில் வளர்க்கத் தந்த பழ ஈக்களைக் கவனிக்காமல் சாகவிட்டதும் அதில் வருகிறது. இரண்டு வருடம் கழித்து சக்ரமெண்டோவிலுள்ள அரச பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கே பட்டம் முடிக்காமலே நாடகத்துக்குப் போய்விட்டார்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் விட்டுவிடுவது, நட்டம் என்று எதுவும் இல்லை. அந்தக் கல்லூரி கொடுத்த பெரிய வசதி அதுதான். 1984 வரை கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளில் (கம்யூனிட்டி கொலிஜ்) அந்த மாநிலத்தவருக்குக் கட்டணமே கிடையாது. அந்த வருடம் அலகுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் ‘யூனிட்’) 5 டொலர் என்று தொடங்கியது இப்போது 46 டொலரில் நிற்கிறது. இரண்டு வருடப் படிப்பின் 60 அலகுக்குக் கணக்குப் பார்த்தால் 2,760 டொலர். அமெரிக்கக் கணக்கில் இது மலிவு. என்றாலும் ஈ செத்தாலும் பரவாயில்லை என்று இருக்க இனி முடியாது.

வரலாறு கேட்டீர்கள். 1901இல் இலினோய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஆறே மாணவர்களோடு முதலாவது அரச சமூகக் கல்லூரி தொடங்கியது. சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹாப்பரும் உள்ளூர்ப் பள்ளி அதிபர் ஸ்டான்லி பிரவுணும் போட்ட திட்டம் அது: பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் படிப்பைப் பிள்ளை வீட்டிலிருந்தபடியே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும். ஹாப்பருக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. கீழ் வகுப்புகளை வெளியே தள்ளிவிட்டால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியைப் பார்க்கலாம். கலிபோர்னியா 1907இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 1910இல் பிரெஸ்னோவில் கல்லூரி வந்தது. போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்குப் படிப்புக்காசு கொடுத்த 1944ஆம் ஆண்டுச் சட்டமும், ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த ஆணைக்குழுவின் 1947 அறிக்கையும் இவற்றை நாடெங்கும் பரப்பின.

உங்களுக்கு முக்கியமானது 1960. கலிபோர்னியா தன் உயர்கல்வியை அந்த வருடம் மூன்று தட்டாகப் பிரித்தது. பள்ளிப் பெறுபேற்றில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மூன்றில் ஒரு பங்கினருக்கு அரச பல்கலைக்கழகங்கள், மற்ற எல்லாருக்கும் சமூகக் கல்லூரி. பிறகு அடித்தட்டில் இருந்து மூன்றாம் வருடத்துக்கு நேரே மேலே ஏற ஒரு வழியும் வைத்தார்கள். ஷபோ அதற்கு அடுத்த வருடம், 1961இல், சான் லியான்ட்ரோவில் தற்காலிக இடத்தில் வகுப்புகளைத் தொடங்கி 1965இல் ஹேவர்ட்டுக்கு வந்தது.

சொந்தக்காரர்களின் ஏளனத்துக்குக் காரணம் நம்மிடம் அந்த ஏணி இல்லாததுதான். இங்கே உயர்தரப் பெறுபேற்றில் இருந்து கணிக்கும் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் ஒரே நாளில் வாசலைத் திறக்கும் அல்லது மூடும். உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் உயர் தேசிய டிப்ளோமா முடித்த பிள்ளை கோணேசபுரி வளாகத்தின் மூன்றாம் வருடத்தில் போய் உட்காரும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆகவே ‘இரண்டு வருடப் படிப்பு’ என்றதும் இங்கிருப்பவர்களுக்குத் தோல்வியாகத்தான் கேட்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி பழைய மாணவர் பட்டியல். எந்தச் சமூகக் கல்லூரியின் பட்டியலைப் பார்த்தாலும் ‘படித்தார்’ என்றுதான் இருக்கும். முடித்தாரா, ஏறினாரா என்று தனியே தேட வேண்டும். ஷபோவின் பட்டியலில் பேஸ்போல்காரர்களும் உண்டு. 2015இல் கன்சாஸ் சிற்றி அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்த நெட் யோஸ்ட் அவர்களில் ஒருவர். விளையாட்டுக்காரர் அங்கே ஆட வருவார், பெரிய அணி கூப்பிட்டால் போய்விடுவார். அதை வைத்துக் கல்லூரியின் கற்பித்தலை அளக்க முடியாது. அளக்க வேண்டுமானால் ஐலீன் கொலின்ஸ் மாதிரி ஒருவரைப் பாருங்கள். நியூயோர்க் மாநிலத்துக் கோர்னிங் சமூகக் கல்லூரியில் 1976இல் இரண்டு வருடப் பட்டத்தை முடித்து, 1978இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1999இல் விண்ணோடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஆனவர். இரண்டும் இரண்டும் நாலு வருடம். ஒரு பருவம்கூட வீணாகவில்லை. மனித மரபணுத் தொகுதியை வாசித்ததில் பேர் எடுத்த கிரெய்க் வெண்டரும் வியட்நாமில் இருந்து திரும்பி சான் மத்தேயோ கல்லூரியில் தொடங்கியவர்தான். அதே இரண்டு வருடப் பட்டத்தோடு தாதியர் அனுமதிப் பரீட்சை எழுதி ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. என்னைக் கேட்டால் பட்டியலை அவர்களில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

பிள்ளை கவனிக்க வேண்டியதில் முதலாவது வதிவிடம். பருவம் தொடங்கு முன் கலிபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வாழ்ந்திருந்தால்தான் 46 டொலர் கணக்கு. ஒரு கிழமை குறைந்தாலும் அந்தப் பருவத்துக்கு வெளியார் கட்டணம், அது பல மடங்கு. போய் இறங்கிய திகதிக்குச் சாட்சியாக வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நிரந்தர வதிவிட அட்டை இருந்தால் கூட்டாட்சி உதவித்தொகைக்கும் மாநிலக் கட்டண விலக்குக்கும் விண்ணப்பிக்கலாம்.

அதைவிடப் பெரிய பொறி கணிதம். கணினித் துறைக்கு ஏற நுண்கணிதம் ஒன்று, இரண்டு, அதன் பிறகு பல மாறி நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம் அல்லது வகையீட்டுச் சமன்பாடுகள் என்று ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். நாலு பருவமும் அதிலேயே போய்விடும். அமெரிக்கப் பள்ளிப் பெறுபேறு கையில் இல்லாததால் பிள்ளையை நுண்கணிதத்துக்கு முந்திய வகுப்பில் போட்டுவிடக்கூடும். அப்படிப் போட்டால் இரண்டு வருடம் இரண்டரையாகும். மாறுவது பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில்தான் என்பதால் நடைமுறையில் மூன்று. உயர்தர இணைந்த கணிதத்தில் வகையீடும் தொகையீடும் படித்தவள் பின்வாங்கக் கூடாது. முன்தேவைப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டேன் என்று எதிர்த்து விண்ணப்பிக்க எல்லாக் கல்லூரியிலும் ஒரு படிவம் உண்டு. பதிவு தொடங்கு முன்னரே அதைக் கொடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் கொடுத்தால் முடிவு வருமுன் வகுப்பு நிரம்பிவிடும்.

பாடம் தெரிவு செய்வதற்கு அசிஸ்ட் என்ற மாநில இணையத்தளம். ஷபோவின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடமாக எண்ணப்படும் என்று அதில் துறைவாரியாக இருக்கும். தோழி எடுக்கிறாள் என்று எடுத்த பாடம் அலகாகச் சேரும், ஆனால் துறைக்குச் சேராது. 70 அலகு எடுத்தும் ஏற முடியாமல் நிற்பவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் (டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ்) சமூகக் கல்லூரியில் இருந்து ஏறுபவர்களுக்கு முன்கூட்டியே இடம் உறுதி தரும். அதற்குச் செப்டெம்பர் மாதம் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். பேர்க்லி, லொஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ இதில் இல்லை. கணினி, பொறியியல் போன்றவற்றைச் சில வளாகங்கள் இந்த உறுதியில் இருந்து விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே துறையின் பெயரை வைத்துப் பார்க்க வேண்டும், வளாகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. உறுதி கிடைத்தாலும் பொது விண்ணப்பத்தை இலையுதிர் காலத்திலேயே தனியாக அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் உறுதியும் போய்விடும்.

இங்கே இருந்து நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியே எடுக்கலாம். இணைந்த கணிதப் பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பதிப்பு தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் கிடைக்கும். அதில் நுண்கணித அலகுகள் வரும் பக்கங்களில் குறியிட்டு இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். முன்தேவைப் பாடத்தை எதிர்த்துக் கொடுக்கும் அந்தப் படிவத்தோடு இணைக்கப் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.