சபையை மூடும் மூன்று சொற்கள்

கேள்வி: ஆங்கில நாளிதழ்களில் ‘ப்ரொரோக்’ என்ற சொல்லைப் பார்க்கிறேன். அட்ஜர்ன், டிசால்வ் ஆகியவற்றிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? மூன்றுமே சபையை மூடுவதுதானே?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

பதில்: மூடுவதுதான். ஆனால் யார் மூடுகிறார், மூடும்போது எதெல்லாம் காலாவதியாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் சட்டமன்றச் செய்தி எழுதிய நாட்களில் எங்கள் செய்தி ஆசிரியர் முதலில் கேட்பது, “யார் உத்தரவு?” என்றுதான்.

அட்ஜர்ன் சபாநாயகரின் அதிகாரம். மதியச் சாப்பாட்டுக்கும் ஒத்திவைப்பார், கூச்சல் மிஞ்சினாலும் ஒத்திவைப்பார், கடைசி நாளில் தேதி குறிப்பிடாமலும் ஒத்திவைப்பார். அந்தக் கடைசி ஒத்திவைப்போடு கூட்டத்தொடர் முடிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். முடிவதில்லை. சபாநாயகர் விரும்பினால் உறுப்பினர்களை மறுபடி அழைக்கலாம். தொடரை முறைப்படி முடித்துவைப்பதுதான் ப்ரொரோக். அதைச் செய்பவர் டெல்லியில் குடியரசுத் தலைவர், மாநிலத்தில் ஆளுநர். இருவரும் அமைச்சரவை ஆலோசனைப்படி செய்வார்கள்.

டிசால்வ் என்றால் கலைப்பு. அப்புறம் தேர்தல்தான். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் கிடக்கும் மசோதாக்களும் போய்விடும். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் கிடந்து 2014-இல் அந்த அவையோடு காலாவதியானது. ப்ரொரோக் அப்படிச் செய்யாது. அரசியல் சட்டத்தின் 107, 196 ஆகிய பிரிவுகள் மசோதாக்களைக் காப்பாற்றுகின்றன. பிரிட்டனில் கதை வேறு: அடுத்த தொடருக்குக் கொண்டுபோக அவை தனியே ஒப்புக்கொள்ளாவிட்டால், ப்ரொரோக் ஆனதுமே அரசின் மசோதாவும் இறந்துவிடும்.

நமக்கு இந்தச் சொல் முக்கியமாவது அவசரச் சட்டத்தால். பேரவை கூட்டத்தொடரில் இருக்கும்போது ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. வெறும் ஒத்திவைப்பு அதற்கு வழிவிடாது. தொடர் முடித்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது நினைவிருக்கும். ஜனவரி 23 அன்று பேரவை கூடி, அன்றே மசோதாவை நிறைவேற்றியது. அதனால்தான் ‘சபை ப்ரொரோக் ஆனது’ என்ற இரண்டு வரிச் செய்தியைக்கூட நான் தாண்டிப்போவதில்லை. அடுத்து ஏதாவது அவசரச் சட்டம் வருகிறதா என்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

ப்ரொரோக், டிசால்வ் இரண்டும் அடுத்தடுத்து வந்த இடம் இலங்கை. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி, மகிந்த ராஜபக்சவை நியமித்தார். மறுநாளே நாடாளுமன்றத்தை ப்ரொரோக் செய்தார். பெரும்பான்மை யாருக்கு என்று சபை சொல்லிவிடக் கூடாதே! நவம்பர் 9 அன்று கலைத்தே விட்டார். நான்கரை ஆண்டு முடியுமுன் கலைத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் தமிழில் ‘நாடாளுமன்றம் முடக்கம்’ என்று எழுதுவது சரியா?
– அதே வாசகி

பதில்: எனக்கு உடன்பாடில்லை. 2019-இல் அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ப்ரொரோக் செய்தபோது தமிழ்ச் செய்திகளில் ‘முடக்கம்’ என்ற சொல் புழங்கியது. அவர் நோக்கத்துக்கு அது பொருந்தியிருக்கலாம்; செப்டம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். ஆனால் எதிர்க்கட்சி அமளியில் அவை நடக்காமல் போனாலும் ‘அவை முடங்கியது’ என்றுதானே எழுதுகிறோம்? அரசு செய்வதற்கும் உறுப்பினர்கள் செய்வதற்கும் ஒரே சொல் வேண்டாம். ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் அடைக்கும்தான்; அடைக்கட்டும்.