அறுவை சிகிச்சை இருக்கட்டும், முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி: வயது 36. இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்தும் விந்தணுவே இல்லை என்கிறார்கள். விதையிலிருந்து விந்தணு எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்போகிறார்கள். ஆண்மை போய்விடுமா? கைத்தொலைபேசியைக் கால்சட்டைப் பையில் வைத்ததுதான் காரணம் என்று இணையத்தில் படித்தேன். ஜிம் நண்பர் சொல்லி எட்டு மாதமாக டெஸ்டோஸ்டெரோன் ஊசியும் போடுகிறேன்.
– ஈசூன் வாசகர்

பதில்: ஆண்மை போகாது. விறைப்புக்கான நரம்புகளும் ரத்தக் குழாய்களும் இந்தச் சிகிச்சையில் தொடப்படுவதே இல்லை. துளித்துளியாகத் திசு எடுப்பதால் ஹார்மோன் அளவு கொஞ்சம் இறங்கலாம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் பழையபடி ஏறிவிடும். கைத்தொலைபேசியால் விந்தணு பூஜ்யம் ஆகாது. அதை விட்டுவிடுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஊசிதான் விஷயம். டெஸ்டோஸ்டெரோன் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களை நிறுத்திவிடும். அப்புறம் ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் நிறைய இருக்கும், விதைக்குள் வற்றிவிடும். விந்தணு உருவாகத் தேவைப்படுவது விதைக்குள் இருக்கும் அளவு. உலகச் சுகாதார நிறுவனம் வாரம் ஒரு டெஸ்டோஸ்டெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. பிள்ளை வேண்டும் என்று தவிக்கும் நீங்கள் அதே மருந்தை நண்பர் பேச்சைக் கேட்டுக் குத்திக்கொள்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. இதை உங்கள் மருத்துவரிடம் மறைத்திருந்தால், தேவையே இல்லாத அறுவை சிகிச்சைக்கு நீங்கள் படுக்க நேரிடும்; ஊசி உடம்பில் இருக்கும்போது தேடினால் விந்தணு கிடைக்காமலும் போகலாம்.

இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். நீங்களாகவே சட்டென்று நிறுத்தினால் சோர்வும் மனச்சோர்வும் வரலாம், அதனால் அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். விதையைத் திரும்ப வேலை செய்ய வைக்க மருந்துகள் உண்டு; அதையும் இணையத்தில் வாங்காதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பிவிடும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். மனைவியின் வயதையும் பார்த்துத்தான் எவ்வளவு காத்திருக்கலாம் என்று முடிவு செய்வார்கள்.

அதன் பிறகும் பூஜ்யம் என்றால்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு. பாதை மட்டும் அடைபட்டிருந்தால், விதையை ஒட்டிய சுருள்குழாயில் ஊசி செலுத்தி எடுக்கும் 'பெசா' பெரும்பாலும் போதும். உற்பத்தியே குறைவு என்றால் 'மைக்ரோ டெசி': மயக்க மருந்து கொடுத்து, நுண்ணோக்கி வழியே சற்றுத் தடித்து வெளுத்துத் தெரியும் நுண்குழாய்களை மட்டும் தேடி எடுப்பார்கள். இதில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் விந்தணு கிடைக்கிறது. கிடைத்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்துவார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதி உண்டா என்ற பரிசோதனையும் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். சில வகைக் குறைபாட்டில் விதையைத் திறந்தும் பயனில்லை.

மருத்துவரிடம் போகும்போது ஊசி மருந்தின் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நண்பர் வழியாக வந்த சரக்கில், லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்ப முடியாது.