அடுப்படிச் சந்தேகங்கள்: கேக் பொடியில் குக்கீஸ்

கேள்வி: அம்மா, அமெரிக்காவில் இருக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது சாக்லேட் கேக் மிக்ஸ் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். அதில் குக்கீஸ் செய்யலாம் என்று கேள்விப்பட்டு, பெட்டியில் போட்டிருந்தபடியே முட்டை, எண்ணெய், தண்ணீர் சேர்த்துக் கலக்கித் தட்டில் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். எல்லாம் ஓடிச் சேர்ந்து ஒரே அடையாகிவிட்டது. எங்கே தவறினேன்? கருப்பட்டி சேர்த்தால் நம் ஊர் ருசி வருமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தவறு தண்ணீரில்தான், சகோதரி. பெட்டியின் பின்புறம் இருப்பது கேக்குக்கான அளவு; குக்கீஸுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். 430 கிராம் பொடிக்கு இரண்டு முட்டையும் 120 மில்லி எண்ணெயும் போதும். மைதா, சர்க்கரை, உப்பு, உப்பவைக்கும் பொடி எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் நீங்கள் தனியாகச் சோடா எதுவும் சேர்க்கக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லாத கேக் மிக்ஸ் என்றால், ஒரு முட்டைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்த்துக்கொள்ளலாம். மாவு கையில் உருட்ட வருகிற பதத்தில், அதிரச மாவைவிடச் சற்றே இளக்கமாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் இந்த மாவு பிசைந்த சில நிமிடங்களிலேயே இளகிவிடும். இளகிய மாவு சூட்டில் வேகுமுன்பே பரவிவிடும். ஆகவே மூடிவைத்து அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, எலுமிச்சம்பழத்தில் பாதியளவு உருண்டைகளாக்கி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடுக்குங்கள். உருண்டைகளைப் பொடித்த சர்க்கரையில் நன்றாகப் புரட்டினால், வேகும்போது மேற்பரப்பு வெடித்து, வெள்ளைக்கு நடுவே கரிய கோடுகள் ஓடுவது பார்க்கவே அழகாக இருக்கும். பச்சை மாவை வழித்துச் சாப்பிடப் பிள்ளைகளை விடாதீர்கள். வேகாத முட்டையும் வேகாத மைதாவும் வயிற்றுக்கு ஆகாதவை.

ஓவன் அடுப்பை 175 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, தட்டை வைத்து, எட்டாவது நிமிடத்திலிருந்து கவனியுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த இடத்தில்தான் நம் கைப்பழக்கம் குறுக்கே வருகிறது. அல்வா கிண்டும்போது, நெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை இறக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். குக்கீஸில் அப்படிக் காத்திருந்தால், ஆறியபின் பல்லுக்கு வலிக்கும். ஓரம் மட்டும் இறுகி, நடுவில் விரலால் மெல்லத் தொட்டால் லேசாகப் பள்ளம் விழுகிற நிலையிலேயே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்போது வேகாததைப் போலத்தான் தோன்றும். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும் என்பதால், ஐந்து நிமிடம் கைவைக்காமல் விட்டு, பிறகு தோசைத் திருப்பியால் எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள்.

கருப்பட்டி ஆசை எனக்குப் புரிகிறது; உடன்குடிக் கருப்பட்டியை நானும் எதில் சேர்க்கலாம் என்று தேடுகிறவள்தான். ஆனால் பொடியில் சர்க்கரை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மேலும் இனிப்புச் சேர்த்தால் தித்திப்புத் திகட்டுவதோடு, குக்கீஸ் இன்னும் அதிகமாகப் பரவும். அதற்குப் பதிலாக அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடியும், வெறும் வாணலியில் வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த முந்திரி ஒரு கைப்பிடியும் சேர்த்துப் பாருங்கள். தூத்துக்குடி மக்ரூன் ருசி நாக்கில் ஊறிய நமக்கு, முந்திரியின் மணமே ஊர் ருசியைக் கொண்டுவந்துவிடும்.

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் உங்கள் ஊரிலும் காற்று ஈரமாக இருக்கும் என்பதால், முழுவதும் ஆறிய பிறகே இறுக்கமான டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்த நீரே கீழே சொட்டி எல்லாவற்றையும் நமுத்துப்போக வைத்துவிடும்.