பழைய ஸ்லைடு, அகலத் திரை: வாசகர் கேள்விகள்

அப்பா எடுத்த முந்நூறு ஸ்லைடுகளை, அதாவது புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் பிலிம் படங்களை, ஸ்கேன் செய்துவிட்டேன். அவருடைய சதாபிஷேகத்தில் மண்டபத்துத் திரையில் போடப் போகிறோம். வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்பு விழுகிறது. திரை முழுக்க வர வழி இல்லையா?

வழி இருக்கிறது, ஆனால் தலை போய்விடும். ஸ்லைடின் படம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம், அதாவது 3:2. உங்கள் டி.வி. 16:9. அகலத்தை நிறைத்தால் உயரத்தில் 20.25 மி.மீ.தான் மிஞ்சும். கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு காலி.

முதன்முதலில் ஒரு குடும்பத்துக்குச் செய்து கொடுத்தபோது நானும் ஆசையாக எல்லாவற்றையும் நிறைத்துத்தான் வைத்தேன். கல்யாண குரூப் போட்டோ வந்ததும் ஒரு பாட்டி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், "பின்னாடி பெஞ்சு மேல எங்கண்ணன் நின்னுதே, எங்க காணோம்?" என்று கேட்டார். அண்ணனுக்குக் கழுத்துக்கு மேல் நான் வெட்டியிருந்தேன். அன்றிலிருந்து ஆட்கள் இருக்கும் படத்தில் கை வைப்பதில்லை. அணைக்கட்டு, மலை, கடற்கரை என்றால் தாராளமாக வெட்டலாம். அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டுங்கள். மென்பொருளிடம் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு நட்டநடுவைத்தான் எடுக்கும். பக்கவாட்டில் இழுத்து நிறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், எல்லோரும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடுவார்கள்.

நெட்டுவாக்கில் எடுத்த படம் திரை அகலத்தில் 37.5 சதவீதம்தான் பிடிக்கும். ஒரே நாளில் எடுத்த இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் முக்கால் திரை நிறையும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் விரிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்குப் பிடிக்காது, கறுப்பே மேல்.

அப்புறம் ஒன்று. மண்டபத்தில் இருப்பது எல்.இ.டி. சுவர் என்றால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 12-க்கு 8 அடி என்றால் அது 3:2. உங்கள் ஸ்லைடு வெட்டாமலே அச்சாகப் பொருந்தும். எத்தனை பிக்சல் என்பதையும் கேட்டு, வீடியோவை அந்தக் கணக்கிலேயே தயார் செய்யுங்கள்.

எத்தனை டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) ஸ்கேன் செய்ய வேண்டும்?

4கே திரையின் அகலம் 3840 பிக்சல். 36 மி.மீ. என்பது 1.42 அங்குலம். வகுத்தால் சுமார் 2700. கொஞ்சம் வெட்டவும் இடம் வேண்டும் என்பதால் 4000 வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தட்டை ஸ்கேனரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், உண்மையில் கிடைக்கும் விவரம் அதைவிடக் குறைவு.

சில ஸ்லைடுகள் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. அதே பெட்டியில் இருந்த கொடாக்ரோம் பிலிம் மட்டும் புதுசு போல இருக்கிறது. ஏன்?

எக்டாக்ரோம் என்ற இன்னொரு பிலிமின் பழைய வகைகளில் நீலப்பச்சைச் சாயம், இருட்டில் சும்மா கிடந்தாலே வெளுத்துவிடும், மிஞ்சுவது சிவப்பு. கொடாக்ரோம் இருட்டில் நன்றாகத் தாங்கும், ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். அதனால் அதை இனி விளக்கில் காட்டாதீர்கள். சிவந்ததை 16 பிட் டிஃப் (TIFF, நிற விவரம் அதிகம் தங்கும் வகை) கோப்பாக ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சரி செய்தால் பாதிக்கு மேல் மீளும். வெள்ளை வேட்டி ஒன்று படத்தில் இருந்தால் அதை வைத்தே நிறத்தைப் பிடித்துவிடலாம்.

கொடாக்ரோமில் இன்னொரு வம்பு. ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் அதில் ஒழுங்காக வேலை செய்யாது. கண்ணிமை, கம்பி போன்ற மெல்லிய கோடுகளையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். அணைத்துவிட்டு ரப்பர் பம்பால் ஊதிக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பிடித்ததை ஈரத்துணியால் துடைக்கலாமா?

கூடாது. படம் பதிந்திருப்பது ஜெலட்டின் பூச்சில், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். பூஞ்சையோடு படமும் துணியில் வந்துவிடும். முதலில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு தேவையில்லாத ஒரு ஸ்லைடில், 98 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு முயன்று பாருங்கள்.

சில படங்கள் இடம் வலமாக மாறியிருக்கின்றனவோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைப் பலகை இருந்தால் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் புடவை முந்தானையைப் பாருங்கள், பெரும்பாலும் இடது தோளில்தான் கிடக்கும். எல்லா அத்தைகளுக்கும் வலது தோளில் கிடந்தால் ஸ்லைடைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். பளபளக்காத, மங்கலான பக்கம்தான் மருந்துப் பக்கம், அதாவது படம் பதிந்த பூச்சு இருக்கும் பக்கம்.

ஸ்லைடுகளோடு ஒரு கேசட்டும் இருக்கிறது. அப்பாவின் வர்ணனை, ஒவ்வொரு படத்துக்கும் 'பீப்' சத்தம். அதை எப்படிச் சேர்ப்பது?

கேசட்டை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். படங்களைவிட அதுதான் அவசரம். எடிட்டிங் மென்பொருளில் ஒலியை முழு நீளத்துக்கும் போட்டால் ஒவ்வொரு பீப்பும் அலை வடிவத்தில் முள்ளாக நீட்டிக்கொண்டு தெரியும். அந்த இடத்தில் படத்தை மாற்றுங்கள். இடது வலது ஒலித்தடங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். பீப் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அப்பாவின் குரல் இருக்கும் பக்கத்தை இரண்டுக்கும் கொடுத்தால் போதும். படம் மாறும்போது பழைய புரொஜெக்டரில் ஒரு நொடி இருட்டு வருமே, அரை நொடியாவது அதை விட்டு வையுங்கள். அவர் அந்த இடைவெளிக்குத் தகுந்தபடிதான் மூச்சு விட்டுப் பேசியிருப்பார்.