தம்பிக்குப் பயமே இல்லையா?

தம்பி பைபாஸில் 120-ல் பைக் ஓட்டுகிறான், திட்டினால் சிரிக்கிறான், மூளையில் ஏதாவது கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். இதை வைத்து மட்டும் கோளாறு என்று சொல்லிவிட முடியாது அக்கா. பெரும்பாலும் பரபரப்பைத் தேடும் சுபாவம்தான். மார்வின் சக்கர்மன் என்ற உளவியலாளர் 1960-களிலேயே இதை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்தார்.

2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் படம் காட்டினார்கள். மாடு, சாப்பாடு மாதிரி சாதாரணப் படங்கள் சில, வன்முறைக் காட்சிகள் சில. கிளர்ச்சியூட்டும் படம் வந்ததும், சாகசப் பிரியர்களுக்கு உடலின் பரபரப்பை உணரும் இன்சுலா பகுதி அதிகம் வேலைசெய்தது. மற்றவர்களுக்கு உணர்ச்சியை அடக்கும் முன்மூளைப் பகுதி முந்திக்கொண்டது. தம்பிக்கும் அப்படித்தான் என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் "செத்துப்போவாய்டா" என்ற மிரட்டல் ஏன் எடுபடவில்லை என்பது ஓரளவு புரியும்.

கயிறில்லாமல் மலையேறும் அலெக்ஸ் ஹொனால்டின் மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா அசையக்கூட இல்லை. அவரே எல் கேப்பிட்டன் பாறையைக் கயிறு கட்டிப் பலமுறை பழகிவிட்டுத்தான் 2017-ல் வெறுங்கையோடு ஏறினார். தம்பியிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம், சென்னைப் பக்கம் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது, விசாரியுங்கள். அதுவரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.