இணையச் சேவை நிறுவனங்கள் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவற்றிடம் கட்டணம் வாங்கலாமா?

வாங்கக் கூடாது. அவற்றின் டேட்டா போக்குவரத்தை (டிராஃபிக்கை) யாரும் வலியக் கொண்டுவந்து கொட்டவில்லை. இணையத்துக்கு மாதச் சந்தா கட்டியவர் வீடியோவைத் தட்டினால்தான் அது கிளம்பி வருகிறது. அதைக் கொண்டுசேர்க்கும் கூலியும் அந்தச் சந்தாவிலேயே அடக்கம்.

'மொத்த டேட்டாவில் பெரும்பகுதி நாலைந்து கம்பெனிகளுடையது, அதனால் பங்கு கொடுக்கட்டும்' என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். ஆனால் நெட்வொர்க் செலவு மொத்த ஜிபியைப் பொறுத்து ஏறுவதில்லை, உச்ச நேர வேகத்தைப் பொறுத்தே ஏறுகிறது. மற்ற நெட்வொர்க் வழியாக இணையத்தின் பிற பகுதிகளை அடையக் கட்டும் டிரான்சிட் பில்லையே பாருங்கள். வழக்கமான முறையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளப்பார்கள். 30 நாளுக்கு 8,640 அளவுகள். அவற்றில் மிக உயர்ந்த 5 சதவீதத்தை, அதாவது 36 மணி நேரத்துக்கு உரியதை, தள்ளிவிட்டு, மிச்சத்தில் உயர்ந்த அளவுக்குப் பணம் கேட்பார்கள். விடியற்காலை 3 மணிக்குப் போகும் டேட்டாவால் இந்தப் பில் ஏறாது.

வீடியோவின் நகலைப் பயனருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் கேஷ் (cache) சர்வர்கள் இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. நெட்ஃபிளிக்ஸ், போதிய டிராஃபிக் உள்ள சேவை நிறுவனங்களுக்கு 'ஓப்பன் கனெக்ட்' பெட்டியை இலவசமாகத் தருகிறது. ஆள் குறைந்த நேரத்தில் படம் ஒருமுறை அதில் இறங்கிவிடும், மாலையில் ஆயிரம் பேர் பார்த்தாலும் உள்ளிருந்தே போகும். பெட்டியை வைக்கும் ரேக் இடமும் கரண்டும் மட்டும் சேவை நிறுவனத்தின் பொறுப்பு. நேரலையை மட்டும் இப்படி முன்கூட்டி நிரப்ப முடியாது.

கோளாறு பெரும்பாலும் இரண்டு நெட்வொர்க்குகள் சேரும் போர்ட்டில்தான். அது நிரம்பினால் பாக்கெட்டுகள் எனும் டேட்டா துண்டுகள் வரிசையில் நின்று தாமதமாகும், பிறகு தொலையும், வீடியோ தரம் இறங்கும். கூடுதல் போர்ட் போடுவது தெருத்தெருவாகக் குழி வெட்டிக் கேபிள் இழுப்பதோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. அதைப் போடாமல் இழுத்தடித்தே காசு கறக்கலாம் என்பதுதான் ஆபத்து. வாடிக்கையாளரை அடைய வேறு வழியே கிடையாதே! 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட்டுக்குப் பணம் தர ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கே அதன் வேகம் மீண்டது.

உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். இரவு 9 மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் முழு வேகம் காட்டியும் ஒரு சேவை மட்டும் திணறி, டேட்டாவை வேறு பாதையில் கொண்டுவரும் விபிஎன் போட்டதும் சரியானால், சந்தேகம் இந்தப் போர்ட் மேல். எல்லாமே மந்தமென்றால் வைஃபையையோ லைனையோ பாருங்கள்.

தென்கொரியா 2016-இல், டிராஃபிக்கை அனுப்பும் சேவை நிறுவனம் பெறும் நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும் என விதித்தது. பிரபலமான தளத்தின் சர்வரை வைத்திருப்பவருக்கே தண்டம்! மற்ற பெரும்பாலான நாடுகளைவிட நெட்வொர்க் கட்டணம் 10 மடங்கு என்று சொல்லி, நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியேறியது. அமேசானின் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், புதிதாகத் தொடங்குபவர் எங்கே போவார்?

ரேக் வாடகை, டிரான்சிட் என்று விரும்பிக் கேட்கும் சேவைக்குக் காசு வாங்குவதில் தவறில்லை. ஒழுங்குமுறை ஆணையம் ஏதாவது செய்ய விரும்பினால், போர்ட்டுகள் உச்ச நேரத்தில் எத்தனை சதவீதம் நிரம்புகின்றன என்று மாதாமாதம் வெளியிடச் சொல்லட்டும். வேண்டுமென்றே நெரிசலை வைத்திருப்பவர் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும்.