குழந்தை தூங்கும் நேரம்தான் ஆபீஸ் நேரமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே தினமும் நான்கு மணி நேரம் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பகுதி நேர வேலைதானே, அவள் தூங்கும்போது முடித்துவிடலாம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். பத்து மணிக்குத் தூக்கம், பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்று அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன், ஒரு நாள்கூட அதன்படி நடக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போடுவதற்குள் சிணுங்கல் கேட்கிறது. மிச்ச வேலையை இரவில் உட்கார்ந்து முடிக்கிறேன், அப்புறம் நடு இரவில் பால் கொடுக்க வேறு எழுந்திருக்க வேண்டும். எல்லோரும் வேலையை விட்டுவிடு என்கிறார்கள். எனக்கு மனமில்லை. நல்ல அட்டவணை ஒன்று போட்டுத் தருவீர்களா?

பதில்: முதலில் அந்த ஃபிரிட்ஜ் அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ஒரு கூட்டல் மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு முதல் பதினோரு மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம், பகல் தூக்கமும் சேர்த்துத்தான். அதில் பெரும்பங்கு இரவுக்குப் போய்விடும். ஏழு மாதத்தில் பகலில் பெரும்பாலும் இரண்டு மூன்று தூக்கம், எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். அதற்குள் நீங்கள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், கொஞ்சம் முதுகைச் சாய்க்க வேண்டும். நான்கு மணி நேர வேலை அதில் எங்கே போய் உட்காரும்? உங்களிடம் சாமர்த்தியம் இல்லாமல் இல்லை, கணக்கே இடிக்கிறது. இதை வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இப்படியே கூட்டிக் காட்டுங்கள்.

தூக்கத்தை நம்பி அதிகபட்சம் ஒன்றரை மணி நேர வேலையை வையுங்கள். மீதி இரண்டரை மணி நேரத்துக்குக் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும். கணவர், பெரியவர்கள், சம்பளத்துக்கு வருகிறவர், யாராகவும் இருக்கலாம், ஆனால் நேரம் நிச்சயமாக இருக்க வேண்டும். “கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் குழந்தை உங்கள் மடிக்கே திரும்பி வந்துவிடும். “தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை இவள் உங்கள் பொறுப்பு, நான் அந்த அறையில் இருப்பேன், கதவு சாத்தியிருக்கும்” என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவள் அழுதாலும் அவர்களே சமாதானப்படுத்திப் பழகட்டும், பசி என்றால் மட்டும் கூப்பிட்டால் போதும்.

குழந்தைக்குக் கடிகாரத்தைவிட வரிசைதான் பிடிபடும். எழுவது, பால், விளையாட்டு, மறுபடி தூக்கம் என்று ஒரே வரிசையில் நாள் போனால் அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் அரை மணி நேரம் முன்பின்னாக நிலையாக வைத்துக்கொண்டால் மற்றவை மெல்ல மெல்ல அதன் பின்னால் வரும். இந்த வயதில் பல குழந்தைகள் விழித்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் களைத்துவிடும், அதனால் ‘மணி பத்தாகிவிட்டதா’ என்று பார்க்காமல் ‘எப்போது எழுந்தாள்’ என்று பாருங்கள். கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, பொம்மையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, இதில் ஒன்று தெரிந்ததும் படுக்க வைத்துவிடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு தூங்க வைப்பது இருவருக்குமே பாடு.

ஒரு வாரம் அவள் தூங்கும் நேரங்களைக் குறித்து வைத்தால் எந்தத் தூக்கம் நீளமானது என்று தெரியும், மூளையைப் போட்டுச் செய்யும் வேலையை அதற்கு ஒதுக்குங்கள். வங்கிக் கணக்கை ஒப்பிடுவது போன்ற வேலையைப் பாதியில் விட்டால் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். பில்களை அடுக்குவது, ஒரு வரியில் மெயிலுக்குப் பதில் போடுவது, இதெல்லாம் அவள் பக்கத்தில் தரையில் விளையாடும்போதே நடக்கும். பாத்திரம், துணி, கூட்டுவது எதையும் அவள் தூங்கும்போது தொடாதீர்கள். பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நீங்கள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது குழந்தைக்கும் விளையாட்டுதான். வீட்டு வேலைக்கு அவள் விழித்திருக்கும் நேரம், ஆபீஸ் வேலைக்குத் தூங்கும் நேரம் என்று இதை மாற்றி வைப்பதிலேயே பாதிப் பிரச்சினை குறையும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அவளைப் படுக்க வைக்கும் முன்பே லேப்டாப் திறந்து, சார்ஜர் மாட்டி, தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். சிணுங்கல் கேட்டதும் எழுந்து ஓடும் முன் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘118ஆம் வவுச்சர் வரை பதிந்தாயிற்று, அடுத்தது பயணப் பில்கள்.’ இரண்டு மணி நேரம் கழித்து வந்து உட்காரும்போது ‘எங்கே விட்டோம்’ என்று தேடித் திண்டாட வேண்டாம். சிணுங்கிய உடனே தூக்க வேண்டும் என்பதும் இல்லை. குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, சுற்று முடியும்போது லேசாக முனகிவிட்டு மறுபடி தூங்கிவிடுவதும் உண்டு. ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இரவு வேலைக்கு ஒரு மூடும் நேரம் வையுங்கள், அதற்கு மேல் எது மிச்சம் இருந்தாலும் மறுநாளைக்குத்தான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அசதியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சோபாவிலோ நாற்காலியிலோ கண்ணயர்ந்துவிடுவது குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அது எப்போது தூங்கினாலும் மல்லாக்க, சமமான கெட்டியான படுக்கையில், தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் தூங்க வேண்டும். உங்களுக்கும் சொல்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், காரணம் இல்லாமல் அழுகை வந்தால், குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறுவனத்திடமும் பேசுங்கள். ‘பத்திலிருந்து இரண்டு’ என்பதை ‘அன்றைய வேலை அன்று இரவு எட்டுக்குள்’ என்று மாற்றிக்கொள்ளப் பலர் சம்மதிப்பார்கள், கணக்கு வேலைக்கு அது பொருந்தவும் செய்யும். இப்போது ஒரு வழி பழகினாலும் அது நிரந்தரம் இல்லை, மூன்று தூக்கம் இரண்டாகும், ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இரண்டு ஒன்றாகும். அப்போது மறுபடி ஒரு வாரம் குறித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவி வீட்டிலிருந்து பகுதி நேரம் வேலை செய்கிறார், கைக்குழந்தை இருக்கிறது. நான் காலையில் போனால் இரவுதான் வருகிறேன். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டால் “ஒன்றும் வேண்டாம்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: கேட்காதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து, பிரித்து, சொல்லித் தருவதும் அவருக்கு இன்னொரு வேலை. காலையில் குழந்தை எழுந்ததிலிருந்து நீங்கள் கிளம்பும்வரை அது உங்களோடு இருக்கட்டும், நாப்கின் மாற்றுவது, முகம் கழுவுவது எல்லாம் உங்களுடையது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வேலை செய்கிறாரா, தூங்குகிறாரா என்று கேட்க வேண்டாம். வார விடுமுறையில் ஒரு அரை நாள் குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், “வீட்டில்தானே இருக்கிறாய்” என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்தும் வரக் கூடாது, உங்கள் வீட்டார் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். அடுத்த மாதம் வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்குகிறேன். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமோ?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், வீட்டிலேயே இருக்கிற உங்களுக்கு அது இன்னும் சுலபம். எழுந்து வர முடியாத வேளைக்கு மட்டும் எடுத்து வைத்தால் போதும். அன்று எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் இருக்கும், வெயில் காலம் என்றால் எடுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், 4 நாள் வரை தாங்கும். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். 60 மில்லி அளவாகப் பிரித்து, தேதி எழுதி வைத்தால் வீணாகாது. மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், அங்கங்கே கொதித்து வாய் வெந்துவிடும், வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்தால் போதும். குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இப்போதே வேறொருவர் கையால் கொடுத்துப் பழக்குங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் பல குழந்தைகள் புட்டியைத் தொடாது.

கேள்வி: ஒன்பது மாதப் பையன். மீட்டிங்குக்கு உட்கார்ந்தாலே கத்துகிறான். போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் அமைதியாகிறான். பத்து நிமிடம்தானே, தப்பா?

பதில்: ஒரு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரை. என்றோ ஒருநாள் கொடுத்துவிட்டதற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள், தினமும் என்று ஆக்கிவிடாமல் பாருங்கள். இந்த வயதில் அம்மா கண்ணில் படாவிட்டால் பயம், பட்டும் தன்னைப் பார்க்காவிட்டால் கோபம். இதை அடம் என்று நினைக்க வேண்டாம். மீட்டிங்குக்கு முன் கால் மணி நேரம் முழுக்க அவனோடு இருங்கள், வயிறு நிறைந்திருக்கட்டும். மூடி, மரக்கரண்டி, தொண்டையில் சிக்காத பெரிய பொருள்கள் நாலைந்தை ஒரு டப்பாவில் போட்டு மீட்டிங் சமயத்தில் மட்டும் வெளியே எடுங்கள், புதுசாக இருப்பதால் கொஞ்ச நேரம் ஓடும். உங்கள் மேலதிகாரியிடம் வீட்டில் குழந்தை இருக்கிறது, சில சமயம் சத்தம் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் மீட்டிங்கை அவன் தூங்கும் நேரத்துக்கோ, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்துக்கோ தள்ளிவைக்கக் கேளுங்கள்.